இரண்டுவழி ஸ்பிளிட்டர்

சுவரைத் தொடக்கூடாது என்பது முதல் நிபந்தனை.
முட்டை வெள்ளை அரைத்த பூச்சு;
டிரில் பட்டால் ஏழு பங்காளிக்கும்
நான் பதில் சொல்லவேண்டும்.
தரைக்கல்லைத் தொடக்கூடாது என்பது இரண்டாவது.
மூன்றாவதைச் சோலையப்பன் சொல்லவில்லை.
வடக்குப் பக்கம் திரும்பாமலே பேசினார்,
புரிந்துகொண்டேன்.

பள்ளத்தூரில் பதினாறு வருஷமாய்க் கேபிள் இழுக்கிறேன்.
யார் சீரியல், யார் செய்தி, யார் மூன்று மாதப் பாக்கி,
கம்பத்தில் ஏறினால் ஊரே தெரியும்.
ஆனாலும் ஒரு வீட்டின் உத்தரத்துக்கு மேலே
தலையை நுழைப்பது வேறு.

மேல்வீட்டு ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
"ஒயரை எப்ப எடுப்பே?" என்று
சாரத்திலிருந்து கொத்தனார், மணிக்கொருதரம்.
நானும் ஜெபஸ்டினும் பழைய கேபிளை
முகப்பில் பிடித்து, அதன் பின்னாலேயே போனோம்.
ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த ஒயர்.
புறா எச்சம். உருகிய டேப்பின் பசை
விரலைவிட்டுப் போக மறுக்கிறது.
வளவு தாண்டியதும்,
தேக்கில் ஆணி அடிக்கப் பயந்த எவனோ
சணலால் கட்டிய முடிச்சுகள்.
முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது, அந்த எவனோ நான்தான்.
அப்போது நாள்கூலி எண்பது ரூபாய்.

இரண்டாங்கட்டில் இருந்தது அது.
இரண்டுவழி ஸ்பிளிட்டர், துருப்பிடித்த உடம்பு.
ஒரு கால் தெற்கே, சோலையப்பன் டிவிக்கு.
மற்றது
உத்தரத்தை எட்டாமல் நின்றுபோன நடுச்சுவரின் மேல்
நாலு விரல் இடைவெளியில் புகுந்து
வடக்கே, தம்பி நாச்சியப்பன் பக்கம்.

தேவகோட்டைக் கோர்ட்டில் பதினொரு வருஷம்.
அந்த வீட்டிலேயே பூசாத சுவர் இது ஒன்றுதான்.
தம்பிக்கு ஸ்டென்ட் வைத்த சேதி
அண்ணனுக்கு மருந்துக்கடையில் கிடைத்தது.

துருவுக்கு நடுவே வடக்குக் காலின் கனெக்டர் மட்டும்
புத்தம் புதுசு.
கிரிம்ப் தெரியாத கை, குறடால் நசுக்கியிருக்கிறது.
நசுக்கினது இந்தப் பக்கத்திலிருந்து.

சோலையப்பன் கணக்கில் பெட்டி இரண்டு.
"ஒண்ணு மேல்வீட்டுக்கு" என்பார், மாதம் தவறாமல் கட்டுவார்.
மேல்வீட்டைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தேன்.
அங்கே ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது.

"அண்ணே, வடக்கே ஒரு கால் போகுது. வெட்டிரவா?"

சிமென்ட் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர்
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.
"உன் வேலையப் பாரு."

என் வேலை ஃபைபர்.
டம்ளர் வாயைவிடச் சின்னதாய் வளைத்தால்
வெளிச்சம் கசிந்துவிடும்;
மூலைக்கு மூலை தாராளமாய்ச் சுற்றவேண்டும்.
சிவப்பு லேசரை முகப்பில் அடித்தேன்,
இரண்டாங்கட்டில் ஜெபஸ்டினின் உள்ளங்கையில்
ஒரு குண்டுமணி.

வைஃபை இந்த வீட்டில் ஒரு சுவர் தாண்டாது,
இரண்டடிக் கனம்.
"நடுச்சுவர்?" என்றார், எங்கோ பார்த்து.
அது வெறும் செங்கல், நாலரை அங்குலம்.
"அதுல நல்லாவே போகும்ணே."

பெட்டியை எங்கே மாட்ட என்று கேட்காமலே
நடுச்சுவரில் மாட்டினேன்.
அதில் மட்டும் டிரில் போட
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"நெட்வொர்க்குக்கு என்ன பேருண்ணே?"
"வீட்டு விலாசத்தப் போடு."
"பாஸ்வேர்ட்?"
நெற்றியைத் தடவினார்.
இதே வளவில் முன்பு இருந்த கறுப்பு போனின்
நாலு எண்ணைச் சொன்னார்.
"எட்டு வேணும்ணே."
"ரெண்டு தரம் அடி."

சாயங்காலம் என் போனில் பார்த்தேன்.
இணைந்திருப்பவை: அவருடையது, என்னுடையது.
வேறொன்றும் இல்லை.

"அந்த ரெண்டாவது பெட்டிக் கணக்க முடிச்சிரவா?"
"ஒரு மாசம் போகட்டும்."

உத்தரத்தில் அந்த ஒரு கால் மட்டும்
தொங்கிக்கொண்டிருக்கிறது.
கொத்தனார் என்னை எங்கே பார்த்தாலும்,
நேற்று டீக்கடையில்கூட,
"ஒயரை எப்ப எடுப்பே?"